சிக்னல் சரியில்லை

ஜூலை 3, வியாழன்

புது வேலையில் முதல் நாள். மூன்றாம் மாடியில், முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறைதான் இப்போது எங்கள் பிரிவு. சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. ஒரு கணினி, ஒரு ஹெட்போன், வேப்பமரம் தெரிகிற ஒரு ஜன்னல். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களை வீடியோவில் அழைத்துப் பேச வேண்டும். மாத்திரை போடுகிறார்களா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தையலைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டரோடு இணைத்துவிட வேண்டும். அறந்தாங்கி, மணமேல்குடி என்று தொலைவிலிருந்து புதுக்கோட்டைக்கு வருகிறவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

பிரசவ வார்டிலிருந்து இங்கே மாற்றல் கேட்டதற்கு முதுகுவலி என்று காரணம் எழுதிக் கொடுத்திருந்தேன். மேட்ரன் ஆரோக்கியமேரி வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

இந்த நாட்குறிப்பை எழுதச் சொன்னது டாக்டர் நளாயினி. தினமும் கொஞ்சம் எழுது வசுமதி, தூக்கம் தானாக வரும் என்றார். எதை எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

குக்கர் கேஸ்கட் போய்விட்டது. சோறு குழைந்து, வீட்டுக்காரர் கதிரேசன் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மின்வாரியத்தில் லைன் வேலை, காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது, ஊரெல்லாம் கம்பி அறுந்து கிடக்கிறதாம்.

முட்டி ஆபரேஷன் செய்த பெரியவர் ஒருவர் பேசி முடிக்கும்வரை வீட்டு உத்தரத்தையே காட்டிக்கொண்டிருந்தார். போனைத் திருப்புங்கள் ஐயா என்றால் மின்விசிறியைக் காட்டினார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

மதியம் கந்தர்வகோட்டைப் பெண் ஒருத்தி. சிசேரியன். வணக்கம் சொல்வதற்கு முன்பே குழந்தையைத் தூக்கித் திரை நிறையக் காட்டினாள். சிக்னல் சரியில்லை. வெறும் குரல் அழைப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

சிசேரியன் ஆனவர்கள் இன்று மூன்று பேர். மூன்று பேரிடமும் குரலில்தான் பேசினேன். கிராமங்களில் நெட் அப்படி.

மூன்றாவது பெண்ணின் பெயர் சிவரஞ்சனி. அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கிராமம். இருபத்திரண்டு வயது, முதல் குழந்தை, ஆண். கணவன் வீரபாண்டி சிங்கப்பூரில். அவளுடைய போன் உடைந்துவிட்டதால் மாமனார் சின்னையாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்தான் எடுத்தார். தையல் எப்படி இருக்கிறது, ஈரம் கசிவு ஏதாவது என்று கேட்டேன். “அதெல்லாம் காஞ்சிருச்சும்மா” என்றார். பிறகு ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் கொடுத்தார். “நல்லா இருக்கேன் சிஸ்டர்” என்றாள். மெல்லிய குரல். பக்கத்தில் குழந்தை அழுதது.

தையல் காய்ந்திருக்கிறது என்று பதிந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

கதிரேசன் தன் தங்கைக்கு அடுத்த மாதம் வளைகாப்பு என்றார். பரணில் இருக்கிற பையை அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கியது.

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தலைவலி. இன்று நிறைய அழைப்புகள். இதயச் சிகிச்சை முடிந்து போன ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் இணைத்தேன். மேட்ரன் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சிவரஞ்சனிக்கு இரண்டாவது அழைப்பு. மறுபடி மாமனார்தான் எடுத்தார், மறுபடி ஸ்பீக்கர். “சிஸ்டர், லேசா சொரம் மாதிரி இருக்கு” என்றாள். பால் கட்டினால் அப்படி வரும், குழந்தைக்கு அடிக்கடி கொடு, காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டுக்கொள், நாளைக்கும் விடவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு என்றேன். “அப்புறம்... கொஞ்சம் ஈரமா” என்று இழுத்தாள். தையலிலா என்று கேட்டேன்.  மாமனார் தொண்டையைச் செருமினார். வெக்கை, வேர்வையாக இருக்கும் என்று அவரே சொன்னார். குழந்தை வீறிட ஆரம்பித்தது. சரி, நன்றாகத் துடைத்துக் காற்றாட வையுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் கேட்டேன். அவள்தான் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

புது கேஸ்கட் வாங்கியாயிற்று. திரும்புகிற வழியில் சிவரஞ்சனியைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. அவளுடைய அடுத்த முறை வெள்ளிக்கிழமைதான். முறை இல்லாத நாளில் கூப்பிட்டால் மாமனார் பயந்துபோவார். தவிர, காய்ச்சல் விடாமல் இருந்திருந்தால் கிளம்பி வந்திருப்பார்களே.

கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

அவளை அழைப்பதற்காக எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது மேட்ரன் மாடியேறி வந்தார். அவர் படியேறி வருகிற ஆள் இல்லை. “வசு, அறந்தாங்கிப் பொண்ணு ஒண்ணு நெனவு இல்லாம வந்திருக்கு. ஒன்னோட கேஸுதானே?” என்றார்.

108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். நான் கீழே போனபோது ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடுவதற்கு முன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளி மெட்டி, காய்ந்துபோன மஞ்சள். அவளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஜூலை 19, சனி

உயிர் தங்கிவிட்டது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மேல் தையலுக்கு அடியில் ஆரம்பித்த சீழ் கர்ப்பப்பைத் தையல் வரைக்கும் போயிருக்கிறது, அதற்கு மேல் விட்டால் ஆளே இல்லை என்றார் டாக்டர் நளாயினி. முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் காயத்தைத் திறந்து கழுவிவிட்டு, ஊசி போட்டே சரி செய்திருக்கலாம் என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

மூன்று நாள் முன்னால் நான் கீரை வாங்கினேன்.

ஜூலை 21, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அவள் மாமியார் பாக்கியம் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். யார் விசாரித்தாலும் ஒரே பேச்சுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்ட நேரத்திலெல்லாம் நல்லா இருக்கேன் என்றாள், இப்படி அழுத்தமான பெண்ணை எங்கேயும் கண்டதில்லை. சிங்கப்பூரிலிருந்து வீரபாண்டி கூப்பிட்டபோது போனை அவள் காதில் வைத்திருக்கிறார்கள். ஏன் மறைத்தாய் என்றுதான் அவனும் கேட்டானாம். பேச முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்ததாக டியூட்டி நர்ஸ் சொன்னாள்.

சின்னையா தனியாக மாடிப்படிக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஒல்லியான மனிதர், காதோரம் நரை. நான் இன்னார் என்று சொன்னதும் கும்பிட்டார்.

“நீங்க காயத்தப் பத்திக் கேட்டீங்கம்மா. மருமகப் புள்ள வயித்துக் காயத்த நான் எப்படிப் பாக்குறது? அவகிட்டக் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. நீங்க கேட்டதுக்கு ஏதாச்சும் சொல்லணுமேன்னு காஞ்சிருச்சுன்னு சொல்லிப்புட்டேன்.”

போனை மனைவியிடம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அது தோன்றவில்லை என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத வேண்டும். தைரியமாக இருங்கள் ஐயா என்றேன்.

மாலையில் மேட்ரன் கூப்பிட்டார். பதிவுகளைப் பார்த்துவிட்டாராம். இரண்டு அழைப்பும் நாள் தவறாமல் போயிருக்கின்றன, காய்ச்சலுக்கு மருந்து சொல்லியிருக்கிறாய், வரச் சொல்லியும் இருக்கிறாய், அவர்கள் மறைத்துவிட்டார்கள், நீ மனதைப் போட்டு குழப்பிக்கொள்ளாதே என்றார். சரி சிஸ்டர் என்றேன். என் வாய் அவ்வளவு சுலபமாகச் சொன்னது.

ஜூலை 22, செவ்வாய்

விடுப்பு போட்டேன். துணிகளைத் துவைத்தேன். ஏற்கெனவே துவைத்திருந்ததையும் எடுத்துத் துவைத்தேன்.

எழுதிவிடுகிறேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கந்தர்வகோட்டைப் பெண்ணுக்கும் நன்றாக இருந்தது, சிவரஞ்சனிக்கும் நன்றாக இருந்தது. சிவரஞ்சனியை நான் வீடியோவில் அழைக்கவே இல்லை. எடுத்த எடுப்பில் குரல் பொத்தானைத்தான் அழுத்தினேன். முட்டி ஆபரேஷன் பெரியவரின் உத்தரத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்தவள், குழந்தை பெற்றவர்களை மட்டும் பார்க்காமல் பேசினேன். ஏனென்றால் வீடியோவைத் திறந்தவுடன் அவர்கள் குழந்தையைக் காட்டுவார்கள். எல்லோரும் காட்டுவார்கள். காட்டாமல் என்ன செய்வார்கள்?

பிப்ரவரியில் எங்கள் மகள் எட்டாம் மாதத்தில் அசைவதை நிறுத்திவிட்டாள். நான் வேலை பார்த்த அதே வார்டில், எனக்குத் தெரிந்த அதே கட்டிலில், டாக்டர் நளாயினிதான் அவளை எடுத்தார். தலை நிறைய முடி இருந்தது. துணியில் சுற்றிக் கதிரேசனிடம் கொடுத்தார்கள். நான் பார்த்தேன், தூக்கவில்லை. பரணில் இருக்கிற பையில் அவளுக்கென்று வாங்கிய துணிகள்தான். முதுகில் எனக்கு எந்த வலியும் கிடையாது.

இது காரணம்தான். இதைக் காரணமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பது வேறு. ஈரமா என்று அவள் இழுத்தபோது, எத்தனையோ பெண்களின் காயத்தைப் பார்த்த எனக்கு அந்தக் குரல் எதைச் சொல்கிறது என்று தெரிந்தது. மாமனார் முன்னால் அவளால் பேச முடியாது என்பதும் தெரிந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவளிடம் கொடுங்கள் ஐயா, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நேரம் குழந்தை அழுதது. எனக்கு அந்தச் சத்தத்திலிருந்து போக வேண்டியிருந்தது. போனேன்.

ஜூலை 23, புதன்

இதைக் கதிரேசனிடம்தான் முதலில் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பிப்ரவரிக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. “எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒனக்கு முதுகுவலி இல்லன்னு எனக்குத் தெரியுமே. நானும் கேக்காம இருந்துட்டேன்” என்றார். இன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்.

மேட்ரனின் அறையில் டாக்டர் நளாயினியும் இருந்தார். இரண்டு பேரிடமும் சொன்னேன். வீடியோ பார்க்கவில்லை. தையலைப் பார்க்காமலே காய்ந்திருக்கிறது என்று பதிந்தேன். அவள் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் வைத்தேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மேட்ரன், முதுகுவலி என்று நீ எழுதிக் கொடுத்ததை நம்பியதுபோல் நடித்தது நான்தான் என்றார்.

சிவரஞ்சனியின் குடும்பத்தாரிடம் சொல்லப்போகிறேன் என்றதும் அவர் குரல் மாறியது. போலீஸ், வழக்கு என்று எதுவும் நடக்கலாம், உன் வேலையும் போகலாம் என்றார். பிறகு கேட்டார்.

“சொல்றது ஒம் மனசு ஆறுறதுக்கா, இல்ல அந்தப் பொண்ணுக்காகவா? யோசிச்சுட்டு வா.”

ஜூலை 24, வியாழன்

யோசித்தேன். இரண்டுக்காகவும்தான். என் மனது ஆறாது என்பதும் தெரிகிறது. ஆனால் அவள் வாயைத் திறந்தாள் என்பது இந்த உலகத்தில் எனக்கும் சின்னையாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

சிவரஞ்சனியைப் பொது வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் நளாயினியும் கூட வந்தார். பாக்கியம் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். “அப்பவே சொல்லியிருந்தா இந்தக் கதி உண்டா” என்று அப்போதும் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. சிவரஞ்சனி மென்றுகொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிடச் சிறிய முகம். உதடு வெடித்திருந்தது.

“அவ சொன்னா” என்றேன். பாக்கியத்துக்கு விளங்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன். “போன வாரம் திங்கக்கெழமை நான் கூப்பிட்டப்ப, காய்ச்சல் அடிக்குது, ஈரமா இருக்குன்னு இவ என்கிட்ட சொன்னா. நான் காயத்தக் காட்டச் சொல்லிப் பாத்திருக்கணும். பாக்கல. இவளத் தனியாப் பேச விட்டிருக்கணும். விடல. பாக்காமலே நல்லா இருக்குன்னு பதிஞ்சுட்டேன். இவ மேல எந்தத் தப்பும் இல்ல. என் தப்பு.”

சின்னையா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் பங்கையும் அவர் சொல்ல ஆரம்பித்தார், ஆனால் பாக்கியம் கேட்கிற நிலையில் இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து என் எதிரே வந்து நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

“போன் போட்டு விசாரிக்கிறாகளேன்னு ஊரு பூரா பெருமையா சொன்னேன் தாயி” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்க் கிண்ணத்தை எடுத்தார்.

என் மகளைப் பற்றியும் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் அவர் மனது இளகும். அதனாலேயே சொல்லவில்லை.

சிவரஞ்சனி இதையெல்லாம் கேட்டபடி ரொட்டியை விழுங்கினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாங்கள் வெளியே வரும்போது பாக்கியம் அவள் தலையை வருடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முதுகு குலுங்கியது. இருவரில் யாருடையது என்று நின்று பார்க்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

விசாரணை. நிர்வாகத்திலிருந்து மூன்று பேர். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். முடிவு வரும்வரை அழைப்புப் பிரிவில் வேலை இல்லை, வெளிநோயாளிகள் பகுதியில் ரத்த அழுத்தம் பார்க்கப் போட்டிருக்கிறார்கள். அங்கே எல்லோரும் என்னோடு அன்பாகப் பேசுகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 31, வியாழன்

எச்சரிக்கையும் சம்பள உயர்வு நிறுத்தமும். வேலை இருக்கிறது. சின்னையா குடும்பம் புகார் எதுவும் கொடுக்கவில்லை. சிகிச்சைக்குப் பணம் வாங்கக்கூடாது என்று டாக்டர் நளாயினி நிர்வாகத்திடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்.

இனிமேல் குழந்தை பெற்றவர்களை அழைத்தால் பேச்சின் ஒரு பகுதி அவர்களோடு தனியாக இருக்க வேண்டும், வீட்டில் அவர்கள் கைக்கு போன் வராவிட்டால் அந்த ஊர் சுகாதாரச் செவிலியர் தன் போனோடு நேரில் போக வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எதைக் கொடுத்து வாங்கிய ஏற்பாடு என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நானும் கதிரேசனும் நடந்துபோன தெருவில் ஒரு வீட்டிலிருந்து தாலாட்டுச் சத்தம் கேட்டது. சுற்றிப் போகலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சிவரஞ்சனி டிஸ்சார்ஜ். வார்டுப் பக்கம் நான் போகவில்லை. அவர்கள் ஆட்டோவில் ஏறும்போது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சின்னையா குடையை விரித்து அவளுக்கும் குழந்தைக்கும் வெயில் படாமல் பிடித்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வீரபாண்டி வந்திருக்கிறான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது நான் நகர்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் மேட்ரன் வந்தார். இனி உன்னை யார் கூப்பிட்டுப் பேசட்டும், வேறு நர்ஸைப் போடட்டுமா என்று சிவரஞ்சனியிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம், அந்த சிஸ்டரே கூப்பிடட்டும் என்றாளாம்.  சனிக்கிழமை முதல் அழைப்பு. நான் மறுபடி மூன்றாம் மாடிக்குப் போகிறேன்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

வீடியோவில் அழைத்தேன். சிவரஞ்சனியே எடுத்தாள். வீரபாண்டி அவளுக்கென்று போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மெதுவாகத்தான் நடந்தாள்.

காய்ச்சல் இல்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். காயத்தைக் காட்டச் சொன்னேன். போனைச் சாய்த்து வைத்துப் புடவையை விலக்கினாள். வெளிச்சம் போதவில்லை, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். இரண்டு ஓரமும் பார்த்தேன், நடுவையும் பார்த்தேன், இடது ஓரத்தில் லேசான சிவப்பு இருந்தது. விரலால் அழுத்திக் காட்டச் சொன்னேன். வலி இல்லை, கசிவு இல்லை. ஆனாலும் டாக்டர் நளாயினியை இணைத்தேன். அவரும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்.

டாக்டர் போன பிறகு குழந்தை முனகியது. அவள் போனை அந்தப் பக்கம் திருப்பவில்லை. யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ, என் கதை வார்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.  பிறகு நானே குழந்தையைக் காட்டு என்றேன்.

காட்டினாள். தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் பொட்டு, கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எனக்கு வலித்தது, பார்த்தேன். உதட்டோரம் வெள்ளையாக ஏதோ இருந்தது, அது பால்தானா, துடைத்தால் போகிறதா என்று கேட்டேன். துடைத்தாள், போயிற்று.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவள் நேராக என்னைப் பார்த்தாள்.

“ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்குக்கா. இன்னொரு புள்ள பெத்துக்கலாம்னு நானும் அவரும் பேசி வெச்சிருந்தோம். பொம்பளப் புள்ள. இந்தக் கோவம் போகும்னு தோணல.”

போக வேண்டாம் என்றேன்.

“வேற சிஸ்டரைப் போட்டா, எப்படி இருக்கேன்னு கேப்பாங்க. நானும் பழையபடி நல்லா இருக்கேன்னு சொல்லிருவேன். எனக்கு வாயில அதுதான் வருது. ஒங்ககிட்ட அப்படிச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நாளைக்கும் நீங்களே கூப்புடுங்க.”

சரி என்றேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது, நாளை ஞாயிறு, எனக்கு வார விடுமுறை. மேட்ரனிடம் மூன்றாம் மாடி அறையின் சாவி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.